விஜய் டெண்டுல்கர்: எல்லாத் தரப்பிடமும் திட்டு வாங்கிய மனுஷன்

வெள்ளித்திரைவாசி:
நேற்று ராத்திரி 'அர்த் சத்யா' பார்த்தேன். 1983ஆம் வருஷப் படம். ஓம் பூரி சப்-இன்ஸ்பெக்டர், கோவிந்த் நிஹலானி இயக்கம். போலீஸ் படம் என்றால் நமக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. கடைசியில் ஹீரோ வில்லனை முடித்தால் விசில். இதிலும் கொல்கிறான், ஆனால் விசிலடிக்க வாய் வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

திரைக்கதை விஜய் டெண்டுல்கர் என்று போட்டிருந்தது. தேடிப் பார்த்தால் 'நிஷாந்த்', 'மந்தன்', 'ஆக்ரோஷ்' எல்லாவற்றிலும் இதே பெயர். யார் இவர்? நாடகக்காரரா, சினிமாக்காரரா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பவுண்டரி_பாண்டி:
டெண்டுல்கர் செஞ்சுரி அடிச்சது தெரியும், நாடகம் போட்டது தெரியாதே 😄

சயான்_சர்க்கிள்:
பாண்டி, உங்களுக்கு மட்டும் இல்லை, இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். சச்சினின் அப்பா ரமேஷ் டெண்டுல்கரும் மராத்தி எழுத்தாளர்தான். ஆனால் இவர் வேறு.

நான் மும்பையில் நாற்பது வருஷம் குப்பை கொட்டியவன். மராத்தி நாடகம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த ஒரு நண்பர். அவர் தயவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டெண்டுல்கர் பிறந்தது 1928 ஜனவரி 6. அப்பா ஒரு வெள்ளைக்காரப் பதிப்பகத்தில் குமாஸ்தா, ஓய்வு நேரத்தில் நாடகம் எழுதி நடித்துப் போடுகிறவர். பையனுக்கு வேறு என்ன வரும்? பதினொரு வயதில் தானே எழுதி, இயக்கி, நடித்து ஒரு நாடகம். பதினாலு வயதில், 1942 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது, படிப்பை விட்டாயிற்று. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு சோறு போட்டது பத்திரிகை வேலை. 'மராட்டா', 'லோக்சத்தா' போன்ற நாளிதழ்களில் உதவி ஆசிரியர். பம்பாய் சால் குடியிருப்பில் வாழ்க்கை. சால் என்றால் தெரியும்தானே, வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு நடைக்கூடம். பக்கத்து வீட்டுச் சண்டை உங்கள் வீட்டில் நடப்பது போலவே கேட்கும். அவருடைய வசனங்களில் ஒருவர் பேச்சை இன்னொருவர் பாதியில் வெட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்கள்தான் ஞாபகம் வரும்.

முதல் பெரிய நாடகம் 'கிருஹஸ்த', 1955. படுதோல்வி. இனி எழுதவே மாட்டேன் என்று சபதம் போட்டார். அடுத்த வருஷமே சபதம் காற்றில் போய் 'ஸ்ரீமந்த்' வந்தது. கல்யாணமாகாமல் கர்ப்பமான பணக்கார வீட்டுப் பெண் குழந்தையைப் பெற்றுக்கொள்வேன் என்கிறாள், அப்பா காசு கொடுத்து மாப்பிள்ளை வாங்கப் பார்க்கிறார். 1950களில் இந்தக் கதை! பதினோரு வருஷம் கழித்து வரப்போகும் பேணாரே டீச்சருக்கு இவள் அக்கா மாதிரி.

மல்லிகா_எம்:
பேணாரே என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் எப்படி? 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' (1967) பற்றி நான் சொல்கிறேன், கல்லூரியில் ஆங்கில மொழிபெயர்ப்பு எங்களுக்குப் பாடம்.

பெயருக்கு அர்த்தம் 'அமைதி! கோர்ட் நடக்கிறது'. மும்பையிலிருந்து ஒரு அமெச்சூர் குழு கிராமத்துக்கு நாடகம் போட வருகிறது. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனை அணு ஆயுதத்துக்காகக் கூண்டில் ஏற்றும் நாடகம், பெரிய லட்சியம். சாயங்காலம் வரை பொழுது போக வேண்டுமே என்று சும்மா ஒரு பொய் வழக்கு நடத்திப் பார்க்கிறார்கள். குற்றவாளி, குழுவில் இருக்கும் லீலா பேணாரே என்ற டீச்சர். குற்றம், சிசுக்கொலை. சும்மா விளையாட்டுதான். ஆனால் ஒவ்வொரு சாட்சியும் வர வர விளையாட்டு நிஜமாகிறது. குழுவுக்கு அன்றைக்கு வராத பேராசிரியர் தாம்லேயால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது வெளியே வருகிறது. அந்த ஆள் மேடைக்கு வரவே மாட்டான். அவனை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றாது.

தீர்ப்பு என்ன தெரியுமா? அவள் உயிரோடு இருக்கலாம், வயிற்றில் இருக்கும் குழந்தை அழிக்கப்பட வேண்டும். சிசுக்கொலைக் குற்றம் சாட்டிய அதே கோர்ட்!

தீர்ப்புக்கு முன் 'உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா, பத்து விநாடி' என்கிறார்கள். அப்போது மற்றவர்கள் அப்படியே உறைந்து நிற்க, அவள் பேசுகிறாள், நீளமாக. நமக்குக் கேட்கிறது, கோர்ட்டுக்குக் கேட்கவில்லை. அவர்கள் கணக்கில் அவள் வாயே திறக்கவில்லை. நான் படித்த நாடகங்களிலேயே மேடையின் வசதியை இவ்வளவு கொடூரமாகப் பயன்படுத்திய இடம் வேறு கிடையாது.

சயான்_சர்க்கிள்:
அருமை மல்லிகா. இந்த நாடகத்துக்கு விதை கிடைத்ததே ரயிலில். விலே பார்லேவில் பொய்க் கோர்ட் நாடகம் போடப் போகும் ஒரு குழு தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்ததாம். அரவிந்த் தேஷ்பாண்டே இயக்கம், பேணாரேவாக சுலபா தேஷ்பாண்டே. 'ரங்காயன்' குழு. அதற்கு முன்பு மராத்திக்கு வெளியே டெண்டுல்கர் பெயர் பெரிதாகத் தெரியாது. இதற்குப் பிறகு தெரியாத ஊர் இல்லை. 1971இல் சத்யதேவ் துபே இதைப் படமாகவும் எடுத்தார். வெள்ளித்திரைவாசி கேட்ட சினிமாப் பக்கம் அவர் நுழைந்த கதவு இதுதான்.

கூத்துப்பித்தன்:
நான் மேடைக்காரன், அதனால் 'காஷிராம் கோத்வால்' பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒலிநாடாவில் கேட்டிருக்கிறேன், காட்சித் துண்டுகள் பார்த்திருக்கிறேன், பிரதியை மூன்று தடவை படித்திருக்கிறேன்.

கதைக் களம் பதினெட்டாம் நூற்றாண்டுப் புணே. மராட்டியப் பிரதம மந்திரிகளான பேஷ்வாக்கள் ஆட்சியின் மூளை நானா பட்னவீஸ். வடக்கிலிருந்து பிழைக்க வந்த காஷிராமைப் புணே பிராமணர்கள் திருடன் என்று அடித்து அவமானப்படுத்துகிறார்கள். அவன் பழிவாங்கச் சபதம் போட்டு, தன் மகளையே நானாவுக்குக் கொடுத்து, பதிலுக்குக் கோத்வால் பதவி வாங்குகிறான். கோத்வால் என்றால் நகரத்துப் போலீஸ் தலைவன். பிறகு ஊரை ஆட்டிப் படைக்கிறான். கூட்டம் திரும்பியதும் நானா ஒரு கையெழுத்தில் அவனைக் கூட்டத்திடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறார். கல்லடியில் சாகிறான். நானாவுக்கு ஒரு கீறல் இல்லை.

இதைச் சொல்லும் முறைதான் விசேஷம். செட் கிடையாது. மேடையில் பிராமணர்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று பாடி ஆடுகிறார்கள். அந்த மனிதச் சுவரே திரை, அதுவே வீதி, அதுவே ஊர். நானா அந்தரங்கமாக ஏதாவது செய்யும்போது சுவர் மூடிக்கொண்டு பக்திப் பாட்டுப் பாடும். அதிகாரம் எதை மறைக்கிறது, எதை வைத்து மறைக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது? மராத்தி நாட்டுப்புறக் கூத்தான தமாஷா, கீர்த்தனை, கொங்கணத்துத் தசாவதாரக் கூத்து எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொண்ட வடிவம். ஜப்பார் படேல் இயக்கம், பாஸ்கர் சந்தாவர்க்கர் இசை, நானாவாக மோகன் அகாஷே. அகாஷே தொழிலில் மனநல மருத்துவர், படேலும் டாக்டர். முதல் காட்சி 1972 டிசம்பர் 16, புணே.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையை இங்கே சூத்திரதாரர் செய்கிறார். அதனால் படிக்கும்போது எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. ஆசையில் ஒரு வாக்கு கொடுக்கிறேன்: நம் நண்பர்கள் சிலரை வைத்து ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் இந்தப் பிரதியைச் சேர்ந்து வாசிக்க ஏற்பாடு செய்கிறேன்.

ரீல்பெட்டி:
வாசிப்பில் எனக்கு ஒரு இடம் போடுங்கள். தமிழ்த் தொடர்பு ஒன்று: 1976இல் 'யுக்த்' என்ற கூட்டுறவுக் குழு இதைப் படமாக்கியது. இயக்கியவர்கள் நான்கு பேர். மணி கவுல், சயீத் மிர்சா, கமல் ஸ்வரூப், நம் கே. ஹரிஹரன். ஆமாம், பிறகு 'ஏழாவது மனிதன்' எடுத்த அதே ஹரிஹரன். திரைக்கதை டெண்டுல்கர். காஷிராமாக ஓம் பூரி, அவருக்கு அது ஆரம்பம்.

சயான்_சர்க்கிள்:
நாடகம் பத்தொன்பது காட்சிகளோடு நிறுத்தப்பட்டதையும் சொல்ல வேண்டும். நிறுத்தியது அரசாங்கம் இல்லை, நாடகம் போட்ட குழுவின் தலைவரே. நானாவைக் கேவலப்படுத்துகிறது, பிராமணர்களைக் கேவலப்படுத்துகிறது என்ற கூச்சல். நடிகர்கள் வெளியேறி 'தியேட்டர் அகாடமி' என்று தனிக் குழு ஆரம்பித்து 1974இல் மறுபடி மேடை ஏற்றினார்கள். 1980இல் ஜெர்மனிக்கு அழைப்பு வந்தபோது இதே எதிர்ப்பு. விஷயம் நீதிமன்றம் போய், 'இது வரலாற்று நாடகம் அல்ல' என்று அறிவித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு கிளம்பினார்கள்.

வரலாற்றில் காஷிராமின் முடிவு 1791இல். காரணம் தெரிந்தால் நம்மவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். புணேவுக்கு வந்திருந்த தெலங்கி பிராமணர்களைச் சின்ன அறையில் அடைத்து வைத்ததில் மூச்சு முட்டிப் பலர் செத்தார்கள். தெற்கத்தி ஆட்கள்! நாடகம் எழுதப்பட்ட காலத்தையும் பாருங்கள். 1966இல் சிவசேனை பிறந்து, மதராசிகளே வெளியேறுங்கள் என்ற முழக்கம் பம்பாய் முழுக்கக் கேட்ட காலம். கம்யூனிஸ்ட் தொழிற்சங்கங்களை ஒடுக்க ஆளும் காங்கிரஸ் அதைக் கண்டும் காணாமல் வளரவிட்டது என்பது அன்றைக்கு ஊரறிந்த பேச்சு. மேலே இருப்பவன் ஒரு அடியாளை வளர்த்துவிடுவது, வேலை முடிந்ததும் கைகழுவுவது. டெண்டுல்கர் கண்ணெதிரே பார்த்ததுதான் அது, பேஷ்வா உடுப்பு மாட்டிவிட்டார்.

தீக்குச்சி:
எல்லோரும் மாலை போடுகிறீர்கள். நான் கொஞ்சம் முள் போடுகிறேன்.

'கன்யாதான்' (1983). சோஷலிஸ்ட் தலைவர் நாத் தேவ்லாலிகர், பிராமணர், ஜாதி ஒழிப்புப் பேசுகிறவர். மகள் ஜோதி, அருண் ஆட்டவலே என்ற தலித் கவிஞனைக் கட்டிக்கொள்கிறாள். அப்பாவுக்கு ஒரே பெருமை. கல்யாணமானதும் அவன் குடிக்கிறான், அடிக்கிறான், கர்ப்பிணி என்றும் பார்க்காமல் உதைக்கிறான். நாடகத்தில் முக்கியமான தலித் பாத்திரம் இவன்தான்! தலித் பாந்தர்ஸ் என்ற போராட்ட இயக்கம் 1972இல் வந்து பத்து வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. 1978இல் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்கும் தீர்மானத்துக்காக ஊர் ஊராகக் குடிசைகள் எரிந்தன. அந்தச் சூட்டில் இப்படி ஒரு பாத்திரத்தைச் செய்து, மேல்ஜாதிக் கனவான்கள் நிரம்பிய அரங்கில் போட்டால், அவர்கள் 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்' என்று வீட்டுக்குப் போக மாட்டார்களா?

சயான்_சர்க்கிள்:
தீக்குச்சி, நியாயமான கேள்வி. ஆனால் நாடகத்தின் குறி அருண் இல்லை, நாத். மாப்பிள்ளையின் சுயசரிதைக் கூட்டத்தில் மனசாட்சிக்கு விரோதமாக அவனை வானளாவப் புகழ்ந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். மகள் அப்பாவைக் கூண்டில் ஏற்றுகிறாள். 'மனிதனுக்குள் இருக்கும் மிருகத்தை மாற்றலாம் என்று சொல்லி வளர்த்தீர்களே, அது பொய்யில்லையா' என்கிற தொனியில். உங்கள் வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்று அருணிடமே போய்விடுகிறாள். மகளை வைத்துப் பரிசோதனை செய்த லட்சியவாதிக்குத்தான் சவுக்கடி.

தீக்குச்சி:
குறி நாத் என்றே வையுங்கள். அந்தக் குறியை அடிக்க எறிந்த கல் யார்? தலித் உடம்பு. அதைத்தான் கேட்கிறேன். அடிபட்டவன் அடிக்கிறவனாக மாறுவது உண்மைதான், காஷிராமிலும் அதுதானே. ஆனால் காஷிராமுக்கு அவமானப்படும் காட்சி மேடையில் இருக்கிறது, நம் கண் முன்னால் நடக்கிறது. அருணுக்கு அது வெறும் பேச்சில்தான் வருகிறது. இது கைத்திறன் தெரிந்த ஒருவர் செய்த தேர்வு, தவறிப்போனது அல்ல.

மல்லிகா_எம்:
தீக்குச்சி சொன்ன கடைசி விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. இதை நான் கவனிக்கவே இல்லை. காட்டுவதற்கும் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் டெண்டுல்கருக்கா தெரியாது!

சயான்_சர்க்கிள்:
பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரு தகவல் மட்டும். இந்த நாடகத்துக்காக அவர்மேல் செருப்பு வீசினார்கள். இதே நாடகத்துக்கு 1993ஆம் ஆண்டின் சரஸ்வதி சம்மான் கொடுத்தார்கள். விருதை வாங்கிக்கொண்டு அவரே மேடையில் அந்தச் செருப்பை ஞாபகப்படுத்திப் பேசினார்.

பவுண்டரி_பாண்டி:
செருப்புக்கும் சம்மானுக்கும் ஒரே நாடகம். இவர் பேட்டிங்கும் லேசுப்பட்டது இல்லை.

மல்லிகா_எம்:
'சகாராம் பைண்டர்' (1972) சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. சகாராம் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவன். புருஷன் விரட்டிவிட்ட பெண்களை வீட்டுக்குக் கூட்டி வருவான். சோறு, துணி, கூரை கொடுப்பேன், நான் சொன்னபடி நடக்க வேண்டும், பிடிக்காவிட்டால் போகலாம். கல்யாணத்தைவிட இது யோக்கியமான ஒப்பந்தம் என்று பெருமை வேறு. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, சாயங்காலம் மிருதங்கம். முதலில் வருகிறாள் லக்ஷ்மி, பக்திமான், எறும்போடு பேசுவாள், அதற்குச் சர்க்கரை வைப்பாள். பிறகு வருகிறாள் சம்பா, போலீஸ்கார புருஷனை உதறியவள், யாருக்கும் அடங்காதவள். ஆரத்தி நேரத்தில் சகாராமின் நண்பன் தாவூத் சேர்ந்து பாடியதற்கு லக்ஷ்மி முகம் சுளிக்க, சகாராம் அவளை அடிக்கிறான். இப்போது சொல்லுங்கள், யார் நல்லவர், யார் கெட்டவர்?

கடைசியில் சம்பாவைக் கொன்றுவிட்டு அவன் இடிந்துபோய் நிற்கும்போது, குழி தோண்டி மூடும் நிதானம் யாருக்கு வருகிறது? எறும்புக்குச் சர்க்கரை வைத்த லக்ஷ்மிக்கு. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன், அன்றைக்கு மறுபடி திறக்கவில்லை.

பெண்ணியம் என்று இவரை ஒரு பெட்டியில் போட முடியவில்லை. திட்டவும் முடியவில்லை.

சயான்_சர்க்கிள்:
பதின்மூன்று காட்சிக்குப் பிறகு தணிக்கைக் குழு 32 இடங்களில் கத்தி வைக்கச் சொன்னது. இயக்குநர் கமலாகர் சாரங் உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தார். சகாராமாக நீலு புலே, சம்பாவாக லாலன் சாரங்.

தணிக்கை என்றதும் 'கிதாடே' (கழுகுகள்) கதையும் சொல்லிவிடுகிறேன். எழுதியது 1961 வாக்கில், மேடை ஏறியது 1970இல். சொத்துக்காக ஒரு குடும்பம் தன்னைத்தானே கொத்திக் கிழிக்கும் நாடகம். கருக்கலைந்த பெண்ணின் புடவையில் சிவப்புக் கறை கூடாது என்றது தணிக்கை. இயக்குநர் ஸ்ரீராம் லாகு கறையை நீலமாக்கினார். நாடகத்துக்கு முன் பார்வையாளர்களிடம், தணிக்கையின் உத்தரவால் கறை நீலம், நீங்கள் சிவப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். தடுக்கப் போய் அத்தனை பேரையும் அந்தக் கறையையே உற்றுப் பார்க்க வைத்தாயிற்று.

ரீல்பெட்டி:
சினிமாப் பக்கம் என் முறை. மல்லிகா பேணாரேவின் மௌனம் பற்றிச் சொன்னாரே, அதை வைத்துக்கொண்டு 'ஆக்ரோஷ்' (1980) பாருங்கள். பழங்குடிக் கூலி லஹான்யா பீக்கு, மனைவியைக் கொன்றான் என்று வழக்கு. அவன் வக்கீலிடம்கூட வாய் திறப்பதில்லை. ஓம் பூரியின் கண் மட்டும். படம் முழுக்க இன்னொரு 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே'தான். கடைசியில் ஒரே ஒரு முறை வாய் திறக்கிறான், அது பேச்சு இல்லை. எப்போது, எதற்காக என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. இந்த இந்திப் படங்களில் திரைக்கதைதான் டெண்டுல்கர், வசனம் வேறு ஆள். 'நிஷாந்த்', 'ஆக்ரோஷ்' சத்யதேவ் துபே, 'மந்தன்' கைஃபி ஆஸ்மி, 'அர்த் சத்யா' வசந்த் தேவ். வசனத்துக்குப் பேர்போன நாடகாசிரியர் சினிமாவில் வசனமே எழுதாமல், காட்சி அடுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்! 'மந்தன்' திரைக்கதைக்குத் தேசிய விருது. குஜராத் பால் கூட்டுறவில் இருந்த ஐந்து லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம் அது. 'அர்த் சத்யா'வுக்கு மூலம் எஸ்.டி. பான்வல்கரின் 'சூர்யா' என்ற மராத்திச் சிறுகதை.

மராத்தியில் 'சாம்னா' (1975). சர்க்கரை ஆலைக் கூட்டுறவு முதலாளியாக நீலு புலே, ஊருக்கு வந்து சேரும் குடிகார மாஸ்டராக லாகு. மாஸ்டர் திரும்பத் திரும்ப ஒன்றே ஒன்று கேட்பார்: 'மாருதி காம்ப்ளேவுக்கு என்ன ஆச்சு?' மகாராஷ்டிராவில் அது பழமொழியாகிவிட்டது. மூடி மறைத்த எந்த விவகாரம் வந்தாலும் யாராவது இதைச் சொல்வார்கள்.

வெள்ளித்திரைவாசி:
அடேயப்பா. ஒரு படத்தைப் பற்றிக் கேட்டேன், ஒரு நூலகத்தையே திறந்துவிட்டீர்கள். இவ்வளவு வன்முறை எழுதிய மனுஷன் நேரில் எப்படி?

சயான்_சர்க்கிள்:
ஒரு கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். தாடி, மெல்லிய குரல், அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். 1973 முதல் 75 வரை நேரு நல்கையில் வன்முறையையே ஆராயப் போனவர். அவருக்கு அது பத்திரிகைக்காரனின் பழக்கம், முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். 'கமலா' (1981) நாடகம்கூடப் பத்திரிகைச் செய்தியிலிருந்து வந்தது. சந்தையில் பெண்ணை விற்கிறார்கள் என்று நிரூபிக்க ஒரு நிருபர் நிஜமாகவே ஒரு பெண்ணை விலைக்கு வாங்கினார். நாடகத்தில் வாங்கப்பட்ட பெண், நிருபரின் மனைவியைப் பார்த்து அப்பாவியாக ஒரு கேள்வி கேட்கிறாள்: 'உன்னை எவ்வளவுக்கு வாங்கினார்?'

கடைசிக் காலம் கொடுமை. 2001இல் மனைவியும் மகன் ராஜாவும், அடுத்த வருஷம் மகள் பிரியா. தூர்தர்ஷனில் 'ரஜனி' தொடர் பார்த்தவர்களுக்குப் பிரியாவைத் தெரியும். அதற்குப் பிறகும் எழுதினார், 2004இல் ஆங்கிலத்திலேயே ஒரு நாடகம். 2008 மே 19, புணேயில் காலமானார்.

தீக்குச்சி:
நான் சொன்ன முள்ளை எடுக்கவில்லை. ஆனால் 'சாம்னா' எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:
தனிமடல் அனுப்புகிறேன்.

மல்லிகா_எம்:
மூன்று ஞாயிறு போயாச்சு. காஷிராம் வாசிப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்ற கூத்துப்பித்தன் எங்கே?

பவுண்டரி_பாண்டி:
மாருதி காம்ப்ளேவுக்கு என்ன ஆச்சு?